உண்ணியை மணம் காட்டி வரவழைத்துக் கொல்ல முடியுமா?

வேப்பந்தோப்பு கேட்கிறார்:

வணக்கம். பூச்சியியலில் முதுநிலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக மாந்தோப்புகளில் பழ ஈப் பொறி வைத்துப் பழகியதால், கவர்ந்து கொல்லும் முறை எனக்குப் பாடமாக இருந்தது போய்க் கைவேலையாகவே ஆகிவிட்டது. ஆண் ஈயை ஈர்க்கும் மெத்தில் யூஜினாலில் ஊறிய சிறு ஒட்டுப்பலகைத் துண்டில் கொஞ்சம் மாலத்தியான் பூச்சிமருந்தையும் ஏற்றி, துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தொங்கவிட்டால், மறுநாள் காலையில் டப்பாவைத் தட்டும்போது ஆண் ஈக்கள் உமி கொட்டுவது போலக் கொட்டும். ஏக்கருக்குப் பத்துப் பொறி போதும். மரத்துக்கு மரம் மருந்தடிக்கும் வேலை பெருமளவு குறைகிறது.

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் பாட்டி மாட்டின் காதுமடலைப் புரட்டி, உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டிருந்தார். ஈயைக் கூப்பிட்டுக் கொல்லத் தெரிந்த நாம், உண்ணி மாட்டின் மேல் ஏறி ரத்தம் குடித்துப் பருத்த பிறகுதான் அதைத் தேடிப் பிடிக்கிறோமே என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் சித்தி, உண்ணி பரப்பும் குரங்குக் காய்ச்சலைப் பற்றி அடிக்கடி பேசுவதும் இதற்கு ஒரு காரணம்.

உண்ணிகளை ஈர்க்கும் மணப்பொருள்கள் கண்டறியப்பட்டுள்ளனவா? கண்டறியப்பட்டிருந்தால், தோப்பில் பொறி கட்டுவதைப் போலக் காட்டோரத்திலும் மாட்டுக்கொட்டகையிலும் உண்ணிப் பொறி கட்டும் வழக்கம் ஏன் வரவில்லை? இதையே ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மாட்டாஸ்பத்திரி பதில்:

அன்புள்ள மாணவிக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவன் நான். உங்கள் பாட்டியின் கொட்டாங்கச்சியை நூற்றுக்கணக்கான வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதைக் குறைவாக எண்ண வேண்டாம். முட்டையிடப்போகும் ஒரு பெண் உண்ணியை எடுத்துப் போடுவது, இரண்டாயிரம் மூவாயிரம் லார்வாக்களைப் பிறக்கும் முன்பே ஒழிப்பதற்குச் சமம்.

ஆரம்பத்திலேயே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் செய்தித்தாள்கள் உண்ணிக்காய்ச்சல் என்று எழுதும் ஸ்கரப் டைபஸ், சிகர் எனப்படும் மிகச் சிறிய சிலந்திப்பேன் வகையின் லார்வா கடிப்பதால் வருவது. அதற்கும் மாட்டு உண்ணிக்கும் தொடர்பில்லை. நாம் இங்கே பேசுவது பபீசியா, தைலேரியா, அனபிளாஸ்மா ஆகியவற்றை மாட்டுக்கும், வேறு சில கிருமிகளை மனிதனுக்கும் கொண்டுவரும் உண்மையான உண்ணிகளைப் பற்றி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பழ ஈக்கு இறக்கை இருக்கிறது. தோப்பின் ஒரு மூலையில் எழும் மணத்தைத் தேடி மறுமூலையிலிருந்து பறந்து வந்துவிடும். உண்ணி நடந்துதான் வர வேண்டும், அதிலும் பெரும்பாலான இனங்கள் நடப்பதையே விரும்புவதில்லை. புல் நுனியிலோ சருகின் விளிம்பிலோ ஏறி, பின்கால்களால் பிடித்துக்கொண்டு, முன்கால் இரண்டையும் கும்பிடுவது போல நீட்டிக் காத்திருக்கும். அந்த முன்கால்களின் நுனியில் ஹாலர் உறுப்பு என்ற சிறு பள்ளம் இருக்கிறது. உணர்கொம்பு இல்லாத இந்தப் பிராணிக்கு அதுதான் மூக்கு. மூச்சில் வெளிவரும் கரியமில வாயு, வியர்வையின் அம்மோனியா, உடற்சூடு எல்லாம் அதன் வழியாகவே தெரியவருகின்றன. காத்திருக்கும்போது உடல்நீர் வற்றத் தொடங்கியதும் கீழே இறங்கி, ஈரச்சருகுக்குள் புகுந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மறுபடி ஏறும். இப்படி மாதக்கணக்கில் பட்டினி கிடந்து வாழும் பிராணிக்குப் பத்தடி தூரம் நடப்பதே உயிரைப் பணயம் வைப்பதாகும். எனவே, தொலைவில் எழும் மணத்தை நம்பிப் புறப்படும் பழக்கம் பெரும்பாலான உண்ணிகளிடம் உருவாகவில்லை.

ஆனால் எல்லா உண்ணியும் அப்படியில்லை. ஹயலோமா, அம்பிளியோமா ஆகிய பேரினங்களில் பல, இரையைத் தேடி ஓடிவரும் வேட்டைக்கார உண்ணிகள். ஹயலோமா அனட்டோலிகம் நம் கொட்டகைச் சுவர் வெடிப்புகளில் குடியிருக்கும். மாட்டுக்குக் குளுகோஸ் ஏற்றிவிட்டு அது முடியும்வரை தரையில் உட்கார்ந்திருந்த ஒரு நண்பகலில், எதிர்ச்சுவரின் வெடிப்பிலிருந்து கோடுபோட்ட கால்களோடு நான்கைந்து உண்ணிகள் இறங்கி, நேராக என் செருப்பை நோக்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். காலை நகர்த்தினேன்; அவையும் திசையை மாற்றிக்கொண்டன.

மணப்பொருள்களைப் பொறுத்தவரை நிறையவே கண்டறியப்பட்டுள்ளன. அவற்றை நான் கூப்பிடும் மணம், நிறுத்தும் மணம், கூடும் மணம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். இது என் சொந்த வசதிக்கான பிரிவே ஒழிய நூல்வழக்கு அன்று.

நிறுத்தும் மணம் என்பது உண்ணியின் எச்சத்தில் உள்ள குவானின், சாந்தின் போன்ற பொருள்கள். இவை காற்றில் பரவுவதில்லை. நடந்துபோகும் உண்ணி இவற்றைக் காலால் தொட்டதும் நின்றுவிடும், பிறகு அங்கேயே மற்றவற்றோடு ஒண்டிக்கொள்ளும். ஒரே வெடிப்பில் நாற்பது ஐம்பது உண்ணிகள் அடைந்து கிடப்பதற்கு இதுவே காரணம். கூடும் மணத்தில் முதன்மையானது 2,6-டைகுளோரோஃபீனால். ரத்தம் குடித்துக்கொண்டிருக்கும் பெண் உண்ணி இதை வெளியிட, அதே விலங்கின் மேல் இருக்கும் ஆண் தன் வாயை விடுவித்துக்கொண்டு அவளைத் தேடிப் போகும். உண்ணியில் முதன்முதலாக வேதியியல் அடையாளம் காணப்பட்ட இனக்கவர்ச்சிப் பொருள் இதுதான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இது நடந்தது.

கூப்பிடும் மணம் இருப்பது அம்பிளியோமாவின் சில இனங்களிடம். தென்னாப்பிரிக்கப் பகுதியின் அம்பிளியோமா ஹீப்ரேயம் என்ற வண்ண உண்ணியில், ஆண் முதலில் மாட்டின் மேல் ஏறி ஐந்தாறு நாள் ரத்தம் குடிக்கிறது. பிறகு அது ஆர்த்தோ நைட்ரோஃபீனால், மெத்தில் சாலிசிலேட் ஆகியவை சேர்ந்த ஒரு கலவையை வெளியிடத் தொடங்குகிறது. தரையில் இருக்கும் உண்ணிகளை மாட்டின் மூச்சில் உள்ள கரியமில வாயு கிளப்பிவிட, இந்த மணம் எந்த மாட்டின் மேல் ஏறுவது, அதன் உடலில் எந்த இடத்தில் கடிப்பது என்பதை அவற்றுக்குக் காட்டுகிறது. ஆண் இல்லாத மாட்டில் கடிக்கப் பெண் உண்ணி பெரிதும் தயங்கும். முன்பே ஒருவன் உயிரோடு ரத்தம் குடித்துக்கொண்டிருக்கிறான் என்பதே அந்த மாடு பாதுகாப்பானது என்பதற்குச் சான்று.

கவர்ந்து கொல்லும் முறையை உண்ணிக்கு நேர்த்தியாகப் பயன்படுத்திய முயற்சி இந்த இடத்தில்தான் பிறந்தது. 1990களில் சிம்பாப்வேயில் டேனியல் சோனன்ஷைன், நார்வல், சாண்ட்ரா ஆலன், பரிட்ஜ் ஆகியோர் அடங்கிய குழு, இந்த மணக்கலவையையும் பைரித்ராய்டு வகை உண்ணிக்கொல்லியையும் ஒரே பிளாஸ்டிக்கில் ஊறவைத்து, அதை மாட்டின் வாலில் பட்டையாகக் கட்டியது. வண்ண உண்ணி விரும்பிக் கடிக்கும் இடம் மடி, தொடையிடுக்கு, வாலடி ஆகியவை. மாடு வாலை வீசும்போதெல்லாம் மருந்து அங்கேயே தடவப்படுகிறது, மணமும் உண்ணிகளை அங்கேயே இழுக்கிறது. ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குத் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்ட கட்டுப்பாடு கிடைத்தது. மாடு முழுவதையும் மருந்துத் தொட்டியில் முக்குவதோடு ஒப்பிட்டால் செலவாகும் மருந்து மிகச் சொற்பம். அந்த உண்ணி பரப்பும் ஹார்ட்வாட்டர் என்ற நோயில் இதய உறையில் நீர் கோத்து மாடும் ஆடும் சாகும் என்பதால், அந்த நாட்டுக்கு இது சிறிய விஷயமன்று.

இந்த ஏற்பாட்டில் பொறி எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அது மரத்தில் தொங்கவில்லை, மாட்டோடு நடந்து போகிறது.

இலைச்சருகு பதில்:

மருத்துவர் ஐயா நடந்து போகும் பொறி என்று சொன்னதைக் காட்டின் பக்கமிருந்து தொடர்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்ணி சேகரிக்கும் களப்பணியில் சில ஆண்டுகள் இருந்தேன்.

நிலையான பொறி முற்றிலும் பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. தெர்மோகோல் பெட்டியில் உலர் பனிக்கட்டியைப் போட்டு, பக்கங்களில் துளையிட்டு, விரித்த வெள்ளைத் துணியின் நடுவே வைத்துவிட்டால், வெளிவரும் கரியமில வாயுவைத் தேடி வேட்டைக்கார உண்ணிகள் துணிமேல் ஏறிவரும். அமெரிக்காவின் தென்கிழக்கில் மிகுந்திருக்கும் லோன் ஸ்டார் உண்ணிக்கு இது நன்றாக வேலை செய்கிறது. அதே காட்டில் வாழ்ந்து லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியோ பெட்டியை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. அது காத்திருக்கும் வகை. கென்யாவில் நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட இசிபே ஆய்வு மையத்தினர், அம்பிளியோமா வேரிகேட்டம் என்ற வண்ண உண்ணிக்கு இதே போன்ற பொறியில் கரியமில வாயுவோடு ஆண் உண்ணியின் மணக்கலவையையும் சேர்த்து, வேதிமருந்துக்குப் பதிலாக மெட்டாரைசியம், பியூவேரியா ஆகிய பூஞ்சைகளைப் பயன்படுத்திப் பார்த்தனர். வேளாண்மைக்காரர்களுக்கு இந்தப் பூஞ்சைகள் பழக்கமானவை என்பதால் உங்கள் ஆர்வத்துக்குரிய செய்தியாக இருக்கும்.

காத்திருக்கும் உண்ணியிடம் பொறியே போய்ச் சேர வேண்டும். அமெரிக்காவில் வர்ஜீனியா ராணுவக் கல்விக்கழகத்தினர் செய்த டிக்பாட் என்ற சிறு தானியங்கி வண்டி அந்த யோசனையில் உருவானது. முதலில் பாதையோரம் கரியமில வாயுக் குழாயால் உண்ணிகளைக் கிளப்பிவிடுவார்கள். பிறகு அந்த வண்டி பெர்மெத்ரின் என்ற உண்ணிக்கொல்லி ஊறிய துணியை இழுத்துக்கொண்டு வரும். மாடோ மனிதனோ வருவதாக எண்ணி உண்ணிகள் துணியில் தொற்றிக்கொண்டு சாகும். ஒரு நாள் அளவுக்குப் பாதை சுத்தமாகிறது. பூங்கா நடைபாதைக்கு இது பொருந்தும்; கூடலூர்க் காட்டுக்குப் பொருந்தாது.

குரங்குக் காய்ச்சலுக்கு வருகிறேன். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது அடையாளம் காணப்பட்ட வைரஸ் இது. கியாசனூர்க் காட்டு நோய் என்பது அதன் நூற்பெயர். நெடுங்காலம் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருந்த நோய், 2012, 2013 வாக்கில் பந்திப்பூரிலும் வயநாட்டிலும் தெரியவந்தது. நீலகிரியில் இறந்த குரங்குகளிலும் வைரஸ் கண்டறியப்பட்டது. இதை முதன்மையாகப் பரப்பும் ஹேமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா மூன்று விலங்குகளில் ஏறி இறங்கும் இனம். லார்வாவும், அதற்கு அடுத்த இளம் பருவமான நிம்ஃபும் எலி, பறவை, குரங்கு ஆகியவற்றில் ரத்தம் குடிக்கும். முதிர்ந்த உண்ணி மாடு போன்ற பெரிய விலங்கில் ஏறும். மனிதனுக்கு நோய் தருவது பெரும்பாலும் நிம்ஃப். ஆகவேதான் மழை ஓய்ந்து காடு காயும் மாதங்களில், சருகு பொறுக்கவும் விறகெடுக்கவும் போகிறவர்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

அந்த மாதங்களில் ஒரு மீட்டர் வெள்ளைத் துணியைக் கோலில் கட்டிச் சருகின் மேல் இருபதடி இழுத்துத் திருப்பினால், மிளகைப் பொடித்துத் தூவியது போல ஓரிடத்தில் கும்பலாக லார்வாக்கள் ஒட்டியிருக்கும். ஒரே தாயின் முட்டைக் குவியலில் பிறந்தவை அவை. பத்தடி தள்ளி இழுத்தால் ஒன்றுகூட இருக்காது. இந்தத் திட்டுத் திட்டான பரவலே பொறிக்கு முதல் எதிரி: ஏக்கருக்குப் பத்துப் பொறி என்ற கணக்கு பறக்கும் பூச்சிக்குச் செல்லும், சருகில் அசையாமல் கிடக்கும் உயிருக்கு ஏக்கருக்கு ஆயிரம் பொறி வைத்தாலும் இரண்டு பொறிக்கு நடுவே ஒரு கும்பல் தப்பிவிடும்.

குரங்கு செத்து விழுந்த இடம் மட்டும் இதற்கு விலக்கு. உடல் குளிர்ந்ததும் அதில் இருந்த உண்ணிகள் அங்கேயே இறங்கிவிடுவதால், நோய்க்கிருமி ஏறிய உண்ணிகளின் குவியலாக அந்த இடம் மாறிவிடுகிறது. அதனால்தான் குரங்கு இறந்த இடத்தைச் சுற்றி ஐம்பது மீட்டருக்கு மாலத்தியான் தூள் தூவுகிறார்கள். இது கவர்தல் இல்லாத கொல்லுதல்; இயற்கையே ஒன்றுதிரட்டிக் கொடுத்துவிட்ட இடத்தில் நாம் மருந்து போடுகிறோம்.

வேப்பந்தோப்பு தொடர்கிறார்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பொறியை நிலத்தில் நட்டுவிட்டு உண்ணியை அழைக்க முயன்றதில்தான் என் பிழை இருக்கிறது என்று புரிகிறது.

இரண்டு ஐயங்கள் எழுகின்றன. விலங்குதான் உண்மையான கவர்ச்சிப்பொருள் என்றால், மணமே இல்லாமல் விலங்கின் மேல் மருந்தை மட்டும் தடவி மேயவிட்டாலே அது கவர்ந்து கொல்லுதல் ஆகிவிடாதா? அடுத்தது, மெத்தில் சாலிசிலேட் என்றதும் ஊட்டிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலம் நினைவுக்கு வந்தது. அதன் பெரும்பகுதி அதே பொருள்தான். அதைக் கொண்டு எளிதாக ஏதேனும் செய்ய முடியுமா?

ஐயவினா பதில்:

நான் பொதுச்சுகாதாரப் புள்ளியியல் படித்தவன். உண்ணியை நேரில் பார்த்த அனுபவம் குறைவு. ஆனால் உங்கள் முதல் ஐயத்துக்கு அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் நாற்பது ஆண்டுகளாக விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையில் தொற்றிக்கொள்ளும் ஆர்வத்தைவிடக் கற்றுக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை அதிகம்.

அங்கே கருங்கால் உண்ணியின் இளம் பருவங்களுக்கு முக்கியமான இரை வெள்ளைக்கால் எலி. லைம் நோய்க் கிருமியை அவற்றுக்கு ஏற்றுவதும் பெரும்பாலும் அதுவே. 1980களில் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பெர்மெத்ரின் ஊறிய பஞ்சை அட்டைக்குழாய்களில் அடைத்துத் தோட்டங்களில் போட்டார்கள். எலி பஞ்சை எடுத்துப்போய்க் கூட்டில் மெத்தை போட்டுக்கொள்ள, அதன் உடலில் இருக்கும் உண்ணிகள் சாகும். எலி தானாகவே மருந்தைச் சுமந்து செல்லும் இந்த யோசனையின் அழகில் நானும் மயங்கியவன்தான். மாசசூசெட்ஸில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் செய்துபார்த்தபோது தரையிலுள்ள நிம்ஃப்களின் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி குறையவில்லை. எலி மட்டுமே இரை என்றால் கணக்கு சரியாக வந்திருக்கும். ஆனால் பஞ்சு சேர்க்காத மூஞ்சூறும், தரையில் வளை தோண்டி வாழும் சிப்மங்க் அணிலும் அதே உண்ணிகளுக்கு உணவளித்துக்கொண்டிருந்தன.

முதிர்ந்த உண்ணிகளுக்கு மானைப் பயன்படுத்தினார்கள். டெக்சஸின் கெர்வில் நகரில் உள்ள வேளாண்துறை ஆய்வகம் உருவாக்கிய நான்கு தூண் தீவனத்தொட்டியில், மக்காச்சோளம் தின்ன வரும் மான் தலையை நுழைக்கும்போது தூண்களில் உள்ள உருளைகள் அதன் கழுத்திலும் காதிலும் பெர்மெத்ரினைப் பூசிவிடும். உண்ணி குறைந்தது உண்மை. ஆனால் ஒரே தொட்டியில் மான்கள் கூடுவதால் அவற்றிடையே பரவும் உடல்மெலிவு நோய்க்கு வழி திறந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்து, மானுக்குத் தீவனம் வைப்பதையே பல மாநிலங்கள் கட்டுப்படுத்தின. ஒன்றைக் கூட்டிக் கொல்லும் ஏற்பாடு, கூடக்கூடாத வேறொன்றையும் கூட்டிவிடுகிறது.

நான் மாணவர்களுக்கு எப்போதும் எடுத்துக்காட்டும் ஆய்வு வேறு. நியூயார்க் மாநிலத்தின் டச்சஸ் கவுண்டியில் 24 குடியிருப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, எலி நுழைந்தால் முதுகில் ஃபிப்ரோனில் தடவும் பெட்டிகளையும், மெட்டாரைசியம் பூஞ்சைத் தெளிப்பையும், இரண்டையும் சேர்த்தும், இரண்டுமே போலியாகவும் நான்கு விதமாகப் பல ஆண்டுகள் செய்துபார்த்தார்கள். எந்த வீட்டுக்கு உண்மையான மருந்து, எந்த வீட்டுக்குப் போலி என்பது வீட்டாருக்கும் தெரியாது, கணக்கெடுப்பவருக்கும் தெரியாது. 2022இல் முடிவு வந்தது. பெட்டி வைத்த இடங்களில் உண்ணி பாதி அளவுக்குக் குறைந்திருந்தது. வளர்ப்புப் பிராணிகளுக்கு உண்ணிவழி நோய் குறைந்திருந்தது. மனிதர்களுக்கு வந்த நோய் மட்டும் குறையவே இல்லை. பாதி உண்ணி போனபின் மிஞ்சிய பாதியே மனிதரைக் கடிக்கப் போதுமானதாக இருந்திருக்கலாம். அல்லது வீட்டுத் தோட்டத்துக்கு வெளியே கடிபட்டிருக்கலாம். எப்படியாயினும், செத்த உண்ணிகளை எண்ணி நோய் குறைந்தது என்று எழுதுவது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சிம்பாப்வே வால்பட்டையின் வெற்றியும் மாட்டின் மேல் இருந்த உண்ணியைக் கொண்டே அளக்கப்பட்டது என்பதை மருத்துவர் ஐயா ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

மாட்டாஸ்பத்திரி பதில்:

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஐயவினா அவர்கள் சொன்ன கதைக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. அது மாட்டின் கதை.

1893இல் தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் டெக்சஸ் காய்ச்சல் என்ற மாட்டு நோயை உண்ணிதான் பரப்புகிறது என்று நிறுவினார்கள். கடிக்கும் கணுக்காலி ஒன்று விலங்குக்கு நோய் பரப்புகிறது என்பதற்கான தொடக்கச் சான்றுகளில் அது முக்கியமானது. 1906இல் அமெரிக்க அரசு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது மேய்ச்சல் நிலத்தில் மருந்து தெளிக்கவில்லை. மாடுகளை ஆர்சனிக் கரைசல் தொட்டியில் முக்கி, மறுபடி அதே நிலத்தில் மேயவிட்டார்கள். மாடு நிலத்தில் உள்ள லார்வாக்களைத் தன்மேல் வாரிக்கொள்ளும். அவை முட்டையிடும் பருவத்தை எட்டும் முன் அடுத்த முக்கல் வந்துவிடும். விளக்குமாறு கொண்டு கூட்டுவது போல மாட்டைக் கொண்டு நிலத்தைக் கூட்டினார்கள். 1943க்குள் மெக்சிகோ எல்லையோரப் பட்டை தவிர நாடு முழுவதும் அந்த உண்ணி ஒழிந்தது. ஆக, உங்கள் முதல் ஐயத்துக்கு விடை ஆம். கவர்ந்து கொல்லும் முறைக்குக் கிடைத்த ஆகப்பெரிய வெற்றியில் செயற்கை மணம் ஏதும் இல்லை.

அது அங்கே நடந்ததற்குக் காரணம், அந்த உண்ணி லார்வா முதல் முதிர்பருவம்வரை ஒரே மாட்டின் மேல் சுமார் மூன்று வாரம் தங்கும் இனம். அதற்கு மாடு தவிர வேறு போக்கிடம் குறைவு. நம் நாட்டு மாட்டு உண்ணியான ரிப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸும் அதே குடும்ப வழக்கம் கொண்டது. ஆனால் இங்கே டெல்டாமெத்ரின் மருந்துக்கு அது பல இடங்களில் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. ஊரில் பத்து வீடு தடவி, பதினோராவது வீடு தடவாமல் விட்டால், ஊர்ப்பொது மேய்ச்சலில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். குரங்குக் காய்ச்சல் உண்ணிக்கோ மாடு மூன்றில் ஒரு பங்குதான். முதிர்ந்த உண்ணிகளை மாட்டின் மேல் கொன்றால் அடுத்த தலைமுறை குறையலாம், சருகில் ஏற்கெனவே கிடக்கும் நிம்ஃப் குறையாது.

விண்டர்கிரீன் தைலம் பற்றி ஒரு வார்த்தை. தயவுசெய்து அதைக் கையில் பூசிக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டாம், மாட்டுக்கும் தடவ வேண்டாம். அந்த மணம் வேலை செய்வது அம்பிளியோமாவின் சில இனங்களில், அதுவும் மற்ற பொருள்களோடு உரிய விகிதத்தில் மெதுவாகக் கசியும்போதுதான். ஒரு பேரினத்துக்கு அழைப்பாக இருப்பது இன்னொன்றுக்கு வெறும் மூட்டுவலித் தைலம்.

தொடர்பில்லாவிட்டாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: நாம் உண்ணிக்கொக்கு என்று அன்போடு அழைக்கும் பறவை, கரீபியன் தீவுகளில் வண்ண உண்ணியின் இளம் பருவங்களைத் தன் உடலில் சுமந்து தீவுக்குத் தீவு கொண்டுபோனது என்று அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இலைச்சருகு பதில்:

ஆய்வேட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு யாரும் நேராக விடை சொல்லவில்லை. ஒரு பருவத்தில் முடியக்கூடிய வேலை வேண்டும் என்றால் காட்டை விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போங்கள், கூப்பிடும் மணத்தை விட்டுவிட்டு நிறுத்தும் மணத்தை எடுங்கள்.

சோனன்ஷைன் குழுவினர் கருங்கால் உண்ணிக்குச் செய்தது எனக்கு இன்றும் பொருத்தமாகத் தோன்றுகிறது: குவானின் போன்ற எச்சப் பொருள்களையும் பெர்மெத்ரினையும் எண்ணெய்ப்பசையுள்ள துளியாக்கி இலைகளில் இட்டார்கள். துளியைத் தொடும் உண்ணி வழக்கமாக இரண்டு நொடியில் கடந்துபோயிருக்கும். மணத்தால் அங்கேயே தங்குவதால் சாகும் அளவுக்கு மருந்து ஏறுகிறது. தொலைவிலிருந்து யாரையும் அழைக்க வேண்டியதில்லை, கடந்துபோகிறவனை உட்காரவைத்தால் போதும். ஹயலோமா குடியிருக்கும் சுவர் வெடிப்பு இதற்கு மிக ஏற்ற இடம். உண்ணி எங்கே அடைகிறது என்று முன்கூட்டியே தெரிகிறது, மழை படாது, மாடு நக்காத உயரத்தில் மருந்தை வைக்கலாம். வெடிப்புக்குள் வைத்தால் கோழியும் கொத்தாது.

முதலில் ஆய்வகத்தில் தொடங்குங்கள். பெட்ரித் தட்டின் வடிதாளில் பாதிக்குக் குவானின் கரைசல், பாதிக்கு வெறும் கரைப்பான். நடுவில் உண்ணிகளை விட்டு, இருட்டில் வைத்து, ஒரு மணி, ஆறு மணி, இருபத்து நான்கு மணி நேரத்தில் எந்தப் பாதியில் எத்தனை என்று எண்ணுங்கள். தட்டை அடுக்கும் பெட்டிக்குள் ஈரப்பதத்தைக் குறைய விடாதீர்கள். காற்று காய்ந்துவிட்டால் உண்ணிகள் மணத்தைப் பாராமல் ஈரத்தைத் தேடிக் கும்பலாகிவிடும், அதை மணத்தின் பலன் என்று தவறாக எழுதிவிடுவீர்கள். தட்டின் திசையையும் ஒவ்வொரு முறை மாற்றி வையுங்கள். கதவிடுக்கில் வரும் சிறு வெளிச்சம்கூட அவற்றை ஒரு பக்கம் ஒதுக்கும். என் முதல் இருபது தட்டுகள் அப்படித்தான் வீணாயின.

அது ஒத்துவந்த பிறகு மருந்தைச் சேருங்கள்: மணமும் மருந்தும், மருந்து மட்டும், மணம் மட்டும், எதுவும் இல்லை என்று நான்கு தொகுதிகள். மருந்தின் அளவை வேண்டுமென்றே குறைவாக வையுங்கள். முழு அளவு வைத்தால் எல்லாத் தட்டிலும் எல்லாம் செத்துவிடும், மணம் எதையாவது சேர்த்ததா என்பது தெரியாமலே போகும்.

தட்டின் ஓரத்தை இரட்டைப் பசைநாடாவால் சுற்றி ஒட்ட மறக்காதீர்கள். முதிர்ந்த உண்ணி மூடியைத் தூக்காது, லார்வா எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும். எண்ணிக்கை ஒன்று குறைந்தால் குறிப்பேட்டைத் திருத்தும் முன் சட்டைக்கையை மடித்துப் பாருங்கள்.